பழைய காரில் பிரேக் பூஸ்டரை வைப்பதா, கழட்டுவதா? ஊட்டி ஏறும் முன் இதைப் பாருங்க!

கோவை:

ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தித் தூங்கிக் கொண்டிருந்த அந்தக் காலத்து அம்பாசிடர், பியட், ஜீப் வண்டிகளைத் தூசி தட்டி மறுபடியும் ரோட்டுக்குக் கொண்டு வருவது இப்போது பலருக்கும் ஆசையாகி விட்டது. பெயிண்ட் அடிக்கிறார்கள், சீட் தைக்கிறார்கள், பம்பருக்கு பாலீஷ் போடுகிறார்கள். கடைசியில் பிரேக் வேலைக்கு வரும்போதுதான் பட்டறையில் அந்தக் கேள்வி வருகிறது.

'பூஸ்டர் போயிடுச்சு சார். புதுசு போடுறதா, இல்ல கழட்டிட்டு நேர் பைப் போட்டுடலாமா?'

இன்னொரு பக்கம், பூஸ்டரே இல்லாமல் வந்த வண்டிக்கு, 'ஒரு பூஸ்டர் மாட்டிட்டா பிரேக் சும்மா பிளேடு மாதிரி புடிக்கும்' என்று ஆசை காட்டுபவர்களும் உண்டு. இரண்டு பேச்சுக்கும் அவசரப்பட்டுத் தலையாட்டினால் ஆபத்துதான். அதுவும் மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் வழியாக 14 கொண்டை ஊசி வளைவு, ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு என்று மலை ஏறி இறங்கும் நம்ம ஊர் வண்டிகளுக்கு இது உயிர் சமாச்சாரம்.

பூஸ்டர் உண்மையில் என்ன செய்கிறது, யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்? விவரமாகப் பார்ப்போம்.

காலுக்குத்தான் உதவி, டயருக்கு இல்லை

புத்தகத்தில் 'பிரேக் சர்வோ' என்று இருக்கும். பட்டறையில் பூஸ்டர் என்பார்கள். பார்க்க ஒரு தகர டப்பா மாதிரி இருக்கும். உள்ளே நடுவில் ஒரு ரப்பர் தடுப்பு. பெட்ரோல் என்ஜின் ஓடும்போது இன்டேக் மேனிபோல்டில் உண்டாகும் வேக்குவம், ஒரு ஹோஸ் வழியாக அந்த டப்பாவில் உள்ள காற்றை உறிஞ்சி விடும். பிரேக்கை மிதித்ததும் ரப்பரின் ஒரு பக்கம் மட்டும் வெளிக்காற்று உள்ளே வரும். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் வெற்றிடம். காற்று தள்ளுகிற தள்ளு நம் காலோடு சேர்ந்து கொள்ளும். அவ்வளவுதான் சங்கதி.

கணக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 18 செ.மீ. விட்டமுள்ள ரப்பர் தடுப்பின் பரப்பு சுமார் 250 சதுர செ.மீ. நல்ல வேக்குவம் இருந்தால் ஒவ்வொரு சதுர செ.மீ. மேலும் சுமார் 0.6 கிலோ அழுத்தம் கிடைக்கும். பெருக்கினால் 150 கிலோ. அதாவது, ஒரு மூட்டை அரிசியை விட அதிக எடை உங்கள் காலோடு சேர்ந்து பிரேக்கை அழுத்துகிறது.

ஆனால் ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வண்டியைக் கடைசியில் நிறுத்துவது ரோட்டில் டயர் பிடிக்கிற பிடிதான். பூஸ்டர் இல்லாமலே வீலை லாக் ஆகும் அளவுக்கு உங்களால் மிதிக்க முடிகிறது என்றால், பூஸ்டர் மாட்டினாலும் வண்டி ஒரு அடி கூட முன்னால் நிற்காது. மிதிக்கிற சிரமம் மட்டும் குறையும்.

மிதிக்க முடியாதவர்களுக்கு கதை வேறு. முழங்கால் வலி, வயது, உடல் மெலிவு காரணமாக அவசரத்தில் முழு பலத்தோடு மிதிக்க முடியாவிட்டால் வண்டி தாமதமாகத்தான் நிற்கும். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். பலம் போதாமல் அரை பிரேக்கில் போகிற ஒவ்வொரு விநாடியும் எதிரே இருப்பவருக்கு ஆபத்து. அப்படிப்பட்டவர்களுக்கு பூஸ்டர் ஆடம்பரம் இல்லை, அவசியம்.

டிரம்மா, டிஸ்க்கா? முதல்ல அதைப் பாருங்க

பழைய அம்பாசிடர், பழைய பியட் போன்றவை நாலு வீலிலும் டிரம் பிரேக்கோடு வந்தவை. டிரம் பிரேக்கில் ஒரு தந்திரம் இருக்கிறது. சுற்றுகிற டிரம், தன்னைத் தொடும் ஷூவை இன்னும் உள்ளே இழுத்துக் கொள்ளும். அதாவது டிரம்முக்குள்ளேயே ஒரு குட்டி பூஸ்டர் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் அந்தக் காலத்தில் பூஸ்டர் இல்லாமலே ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காரை நிறுத்த முடிந்தது.

டிஸ்க் பிரேக்கில் இந்த இழுப்பு கிடையாது. பேட் எவ்வளவு அழுத்தப்படுகிறதோ அவ்வளவுதான் பிடிக்கும். அதனால் டிஸ்க்குக்கு அதிக பிரஷர் வேண்டும். கனமான கார்களில் டிஸ்க் வந்ததும் பூஸ்டரும் கூடவே வந்ததற்குக் காரணம் இதுதான்.

இதிலிருந்து முதல் முடிவு கிடைக்கிறது. கம்பெனியே முன் டிஸ்க்கும் பூஸ்டரும் சேர்த்துக் கொடுத்த வண்டி என்றால், பூஸ்டரைக் கழட்டாதீங்க. ரிப்பேர் செய்யுங்க, இல்லாவிட்டால் மாற்றுங்க. நாலு வீலும் டிரம், பூஸ்டர் இல்லாமல் வந்த வண்டி என்றால், மிதிக்கிற பலம் இருப்பவர்களுக்கு அது தேவையே இல்லை. டிரம்மின் இழுப்போடு பூஸ்டரின் தள்ளும் சேர்ந்தால் லேசாகத் தொட்டாலே 'கப்' என்று பிடித்து வீல் லாக் ஆகும். ஒல்லி டயர், முதல் மழை, எண்ணெய் படிந்த ரோடு என்றால் சொல்லவே வேண்டாம். வண்டி வழுக்கிக் கொண்டு போய்விடும்.

பூஸ்டர் மறைக்கும் கோளாறு

பெடல் கல்லு மாதிரி இருக்கிறது, வண்டி நிற்க மாட்டேங்கிறது என்றதும் பலரும் பூஸ்டர் தேடிக் கிளம்புகிறார்கள். ஆனால் பல வருஷம் நின்ற வண்டியில் கோளாறு வேறு இடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகிப் போயிருக்கும். நாலு வீலில் இரண்டு மட்டும்தான் பிடிக்கும். பின் ஆக்சில் ஆயில் சீல் ஒழுகி லைனிங் எண்ணெயில் ஊறியிருக்கும். லைனிங் கண்ணாடி மாதிரி வழவழப்பாகி இருக்கும். ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ளேயே வீங்கி அடைத்துக் கொண்டிருக்கும். ஷூ அட்ஜஸ்ட் செய்தே பல வருஷம் ஆகியிருக்கும்.

இதையெல்லாம் சரி செய்யாமல் பூஸ்டர் மாட்டினால், கோளாறு போகாது. மறைந்து கொள்ளும். அதைவிட மோசம், பூஸ்டர் வந்ததும் லைனில் பிரஷர் ஏறும். 40 வருஷத் துருப்பிடித்த இரும்பு பைப்பும், வெடிப்பு விட்ட ஹோஸும் அதைத் தாங்க வேண்டுமே? பழைய வண்டிகள் பலவற்றில் நாலு வீலுக்கும் ஒரே லைன். ஒரு இடத்தில் பைப் வெடித்தால் மொத்த பிரேக்கும் காலி. பெடல் தரையைத் தொட்டு நிற்கும். பிறகு ஹேண்ட் பிரேக் மட்டும்தான் துணை.

எனவே கையில் இருக்கும் பணத்துக்கு எது முதல் செலவு என்று கேட்டால், பூஸ்டர் இல்லை. பைப், ஹோஸ், ரப்பர் கப், வீல் சிலிண்டர், புது பிரேக் ஆயில். அதற்குப் பிறகும் காசு இருந்தால், முன்னுக்குத் தனி லைன், பின்னுக்குத் தனி லைன் என்று பிரிக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். தெரிந்த மெக்கானிக் கையால், அந்த வண்டிக்குப் பொருந்துகிற சைஸில் மாட்ட வேண்டும்.

டீசல் என்ஜின் மாற்றியவர்கள் உஷார்!

பெட்ரோல் அம்பாசிடரையும் ஜீப்பையும் வாங்கி டீசல் என்ஜின் ஏற்றி ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. அந்த வண்டிகள் இன்னமும் ஓடுகின்றன. இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது.

பெட்ரோல் என்ஜினில் காற்று போகும் வழியை மூடித் திறக்கும் திராட்டில் இருப்பதால் வேக்குவம் தானாக உண்டாகும். பழைய டீசல் என்ஜின்கள் பெரும்பாலானவற்றில் அப்படி மூடுவதே கிடையாது. எனவே பூஸ்டருக்குத் தேவையான வேக்குவமும் கிடைக்காது. அதற்குத் தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். பல டீசல் என்ஜின்களில் ஆல்டர்னேட்டர் முதுகிலேயே இந்த பம்ப் இருக்கும்.

என்ஜினை மாற்றியவர்கள் பம்ப் இல்லாத ஆல்டர்னேட்டரைப் போட்டிருந்தால், வண்டியில் இருக்கும் பூஸ்டர் வெறும் தகர டப்பாதான். பம்ப் இருந்தாலும் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் சார்ஜ் லைட் எரியும், கூடவே பிரேக்கும் கெட்டியாகிவிடும். சார்ஜ் லைட் எரிந்தால் 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று ஓட்டாமல் ஓரமாக நிறுத்துங்க.

மலையில் என்ன நடக்கிறது?

ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சமவெளியை விடக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைவு. பூஸ்டரைத் தள்ளுவதே அந்தக் காற்றுதான் என்பதால் அதன் உதவியும் அந்த அளவுக்காவது குறையும். கீழே நன்றாக இருந்த பிரேக் மேலே கொஞ்சம் கெட்டியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் கீழேயே அரைகுறையாக இருந்த பூஸ்டர் மேலே போனால் கைவிட்டுவிடும்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு, என்ஜினையும் ஆப் செய்துவிட்டு இறங்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. இது தற்கொலைக்குச் சமம். என்ஜின் நின்றால் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வேக்குவம் இரண்டு, மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு பெடல் கல்லாகி விடும். பூஸ்டருக்குப் பழகிய கால், அந்த நேரத்தில் எவ்வளவு மிதிக்க வேண்டும் என்று தெரியாமல் திணறும்.

இறக்கத்தில் பிரேக் காய்ந்து போவதற்கு பூஸ்டர் மருந்து இல்லை என்பதையும் புரிந்து கொள்ள வேண்டும். லைனிங் சூடேறினால் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் உள்ளே போய்விடும். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 140 டிகிரி வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, 155. பல வருஷம் மாற்றாத ஆயிலோடு மலை இறங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள். இரண்டாவது கியரில், என்ஜின் பிடித்து இறங்குவது ஒன்றே வழி.

ஏறும்போதும் ஒரு சிக்கல் உண்டு. பழைய கார்கள் பலவற்றில் முன் டிரம்மில் இரண்டு ஷூவும் வண்டி முன்னால் போகும்போது மட்டுமே இழுத்துப் பிடிக்கும்படி அமைந்திருக்கும். கொண்டை ஊசி வளைவில் என்ஜின் நின்று வண்டி பின்னால் உருண்டால் அந்த இழுப்பும் இல்லை, பூஸ்டரும் இல்லை. உடனே ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் போட வேண்டும். அதனால் மலை ஏறும் முன் ஹேண்ட் பிரேக்கைச் சரி பார்ப்பது பூஸ்டரைப் பார்ப்பதை விட முக்கியம்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, வீலுக்குக் கல் வைத்துவிட்டு, நியூட்ரலில் இதைச் செய்து பாருங்க.

1. என்ஜின் ஆப் செய்த நிலையில் பிரேக்கை ஐந்தாறு முறை மிதியுங்கள். பெடல் கெட்டியாகும். காலை எடுக்காமல் அப்படியே அழுத்திப் பிடித்துக் கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையாவிட்டால் பூஸ்டரோ, ஹோஸோ, வேக்குவமோ கோளாறு.

2. இரண்டு நிமிஷம் என்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள். சிறிது நேரம் கழித்து மிதியுங்கள். முதல் மிதி மென்மையாகவும், அடுத்தடுத்த மிதி கெட்டியாகவும் இருந்தால் நல்லது. முதல் மிதியே கல்லு மாதிரி இருந்தால் ஹோஸில் இருக்கும் ஒருவழி வால்வு காற்றை விடுகிறது.

3. பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கும்போது 'உஸ்ஸ்' என்று சத்தம் தொடர்ந்து வந்தால், அல்லது ஐடிலிங் தடுமாறினால், உள்ளே ரப்பர் கிழிந்திருக்கலாம்.

4. வீல் பக்கம் எங்கேயும் ஈரம் இல்லை, ஆனால் பிரேக் ஆயில் குறைந்து கொண்டே போகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது. இப்படி இருந்தால் சீல் போய், பூஸ்டர் வழியாக பிரேக் ஆயிலை என்ஜின் குடித்துக் கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. இந்த வண்டியை ஓட்டவே கூடாது.

பூஸ்டருக்கு வரும் ஹோஸையும் பாருங்க. தண்ணீர் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ் என்று கிடைத்ததை மாட்டினால் வேக்குவத்தில் சப்பிக்கொண்டு அடைத்துவிடும். வேக்குவத்துக்கு என்று வரும் கெட்டி ஹோஸ்தான் வேண்டும். என்ஜினே தேய்ந்து வேக்குவம் குறைந்திருந்தால், புது பூஸ்டர் போட்டும் பயன் இருக்காது.

கழட்டுவது என்று முடிவு செய்தால்...

பூஸ்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மாஸ்டர் சிலிண்டருக்கும் வீலுக்கும் இடையே பைப்பில் தனியாக மாட்டியிருக்கும் வகை. பிற்பாடு மாட்டிய பூஸ்டர்களில் இந்த வகையைப் பார்க்கலாம். இதைக் கழட்டுவது சுலபம். பழையபடி சரியான பைப் போட்டு, மேனிபோல்டில் ஹோஸ் வந்த ஓட்டையை நன்றாக அடைத்து, காற்று எடுத்தால் போதும். ஓட்டையை அடைக்காவிட்டால் என்ஜின் மிஸ்ஸிங் அடிக்கும். வண்டி பூஸ்டர் இல்லாமல் வந்த டிரம் வண்டியாக இருந்தால், இது அதை அதன் பழைய நிலைக்குக் கொண்டு வருவதுதான்.

இரண்டாவது, பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் பெரிய பூஸ்டர். இதை எடுத்துவிட்டு சிலிண்டரை அப்படியே சுவரில் திருகினால் வேலை முடிந்தது என்று நினைத்தால் தப்பு. பூஸ்டர் வண்டிக்கு மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் பெரிய சைஸாக இருக்கும். பூஸ்டர் போனால் சின்ன சைஸ் வேண்டும். உதாரணத்துக்கு, முக்காலே அரைக்கால் இஞ்ச் சிலிண்டருக்குப் பதில் முக்கால் இஞ்ச் போட்டால், அதே மிதிக்கு சுமார் 36 சதவீதம் அதிக பிரஷர் கிடைக்கும். ஆனால் பெடலும் அதே அளவுக்குக் கூடுதலாகக் கீழே போகும். பெடல் கம்பியின் நெம்புகோல் அளவும் பூஸ்டர் வண்டிக்கு வேறு, இல்லாத வண்டிக்கு வேறு.

புஷ் ராடு நீளம் ஒரு நூல் அதிகமானால் கூட பிரேக் முழுதாக விடாது. வீல் சூடேறி, ஓட ஓட இறுகிக் கொண்டே போகும். பெடலில் லேசான விளையாட்டு கட்டாயம் இருக்க வேண்டும். இவ்வளவும் கணக்குப் போட்டுச் செய்ய ஆள் இல்லை என்றால், இந்த வகை பூஸ்டரைத் தொடாமல் ரிப்பேர் செய்து வைத்துக் கொள்வதே புத்திசாலித்தனம்.

உக்கடத்திலோ, சென்னை புதுப்பேட்டையிலோ பழைய பூஸ்டர் கிடைக்கும்தான். ஆனால் உள்ளே இருக்கும் ரப்பருக்கு எத்தனை வயது என்று வெளியே இருந்து தெரியாது. கிட் மாற்றிச் சோதிக்காமல் மாட்டாதீங்க.

எதைச் செய்தாலும், செத்துப்போன பூஸ்டரை 'இருந்துட்டுப் போகட்டும்' என்று விட்டு வைப்பது மட்டும் கூடாது. ரப்பர் கிழிந்த பூஸ்டரிலும் பிரேக் அடியோடு போய்விடாது, மிதிக்கும் பலம் நேராகப் போய்ச் சேரும். ஆனால் பெரிய சிலிண்டரோடு, உதவியும் இல்லாமல் மிதிக்க வேண்டியிருக்கும். கழட்டிய வண்டியை விட இது மோசம்.

ஆர்.டி.ஓ. ஆபிசில் பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களில் இருந்து ஆர்.சி. புக் விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. டீசல் என்ஜின் ஏற்றியது போன்ற மாற்றத்துக்கு அனுமதியும், ஆர்.சி.யில் பதிவும் அவசியம். 15 வருஷம் தாண்டிய சொந்த காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது வண்டியைக் காட்ட வேண்டும். பிரேக் ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்றால் அங்கேயே சிக்கல்தான்.

முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு, 2021-ம் ஆண்டு மத்திய அரசு 'விண்டேஜ்' பதிவு முறையைக் கொண்டு வந்தது. நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. இந்தப் பதிவு வாங்கிய வண்டியைத் தினசரி ஓட்டவோ, வாடகைக்கு விடவோ முடியாது. இந்தப் பதிவு வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் வண்டியில் வெட்டு, வெல்டிங் எதுவும் செய்யாமல், எப்போது வேண்டுமானாலும் கழட்டி பழையபடி ஆக்கக்கூடிய வேலையாகப் பார்த்துச் செய்வது நல்லது. கழட்டிய பாகங்களையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

முன் டிஸ்க்கோடும் பூஸ்டரோடும் வந்த வண்டி: கட்டாயம் வைத்திருங்கள்.

நாலு வீலும் டிரம், பூஸ்டர் இல்லாமல் வந்த வண்டி, ஓட்டுபவருக்கு நல்ல பலம்: தேவையில்லை. பிற்பாடு மாட்டியது கெட்டுப் போயிருந்தால் கழட்டிவிடலாம்.

அதே டிரம் வண்டி, ஆனால் ஓட்டுபவர் வயதானவர், கால் வலி உள்ளவர், அல்லது வீட்டில் பலரும் ஓட்டுகிறார்கள்: பைப், சிலிண்டர் எல்லாம் புதுசாக்கிய பிறகு சின்ன பூஸ்டர் போடலாம். கைகால் பழகும் வரை காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் டிராபிக்கில் இறங்க வேண்டும்.

டீசல் மாற்றிய வண்டி: வேக்குவம் பம்ப் இருந்தால் மட்டும் பூஸ்டர். இல்லாவிட்டால் பம்ப் போடுங்கள், அல்லது பூஸ்டர் இல்லாத பிரேக்குக்கு முழுசாக மாறுங்கள். நடுவில் நிற்காதீங்க.

இரண்டில் எதைச் செய்தாலும், வேலை முடிந்த முதல் வாரம் மலைப்பக்கம் போகாமல் உள்ளூரிலேயே ஓட்டுங்க. தினமும் காலையில் பிரேக் ஆயில் அளவைப் பாருங்க, ஓட்டி வந்ததும் நாலு வீலையும் தொட்டுச் சூடு பாருங்க. ஒரு வீல் மட்டும் கொதிக்கிறது என்றால், ஊட்டி ட்ரிப்பைத் தள்ளி வைத்துவிட்டு வண்டியைப் பட்டறைக்கு விடுங்க.